அடைப்புக்குறிக்குள் ஓர் அதிர்ச்சி

நான் இருபதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் இப்போது காதில் ஹெட்போன் மாட்டியவர் ஒருவர்கூட இல்லை. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற அதே ஹால்தான். போன மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். எங்கள் மேஜைகள் இருந்த வரிசையில் சில பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பிரியா என்ற பெண் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, ஒரு மணி நேர ஆடியோவ மெஷின் அரை கிளாஸ் கட்டிங் சாய் ஆறுறதுக்குள்ள அடிச்சுடுது. நீங்கல்லாம் அவ்ளோ வருஷம் அப்படி என்னதான் அடிச்சீங்க?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மெஷின் அடித்த ஒரு பக்கத்தைத் திரையில் காட்டவும் செய்தாள். பிழை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு டாக்டரும் அவருடைய நோயாளியும் பேசிக்கொண்ட அந்தப் பக்கத்தில் இருமல் இல்லை, சிரிப்பு இல்லை, தயக்கம் இல்லை. இரண்டு பேரும் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசியிருந்தார்கள்.

"சத்தமெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"அது கச்ரா அக்கா, வெறும் குப்பை. மெஷினே தூக்கிடும்."

டீயைக் குடித்து முடித்தேன். வீட்டுக்கு வந்து என் பழைய டைரிகளில் ஒன்றைத் தேடி எடுத்தேன். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவிடுவது என் வழக்கம். ஆகையால் கீழே வரும் பேச்சுகள் பெரும்பாலும் பேசப்பட்டபடியே இருக்கும். காயத்ரி, கெர்ஸ்டின் என்ற இரண்டு பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

எங்கள் தொழில் இதுதான்: தொலைவில் யாரோ பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், நாங்கள் கேட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்புவோம். மாட்டுங்காவில் டைப்ரைட்டிங், தாதரில் ஆறு மாத மருத்துவச் சொல் பயிற்சி, பிறகு செம்பூரில் இந்த நாற்காலி. முதல் பத்தாண்டுகள் முழுக்க அமெரிக்க டாக்டர்கள். அவர்கள் காரோட்டிக்கொண்டும் எதையாவது மென்றுகொண்டும் நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். இரத்த அழுத்தம் கூடியது, குறைந்தது என்பதற்கான ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே ஓர் ஒலிதான் வித்தியாசம். அந்த ஒலியை டாக்டர் மென்று விழுங்கிவிட்டால் நாங்கள் ஊகிக்கக் கூடாது, கோடு போட்டு விட்டுவிட வேண்டும். இதுதான் முதல் பாடம். சொல்லிக்கொடுத்தவர் ராமநாதன் சார்.

ராமநாதன் சார் தரப் பிரிவின் தலைவர். மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். ஒரு பதிவைக் கேட்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடுவார். அதன் டிக்டிக் காதில் விழுகிறது என்பார். எங்களில் யாருக்கும் அது கேட்டதே இல்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருவரையும் அதட்டியதில்லை. தவறு செய்தவர் பக்கத்தில் வந்து நின்று, ஹெட்போன் ஒயரை மெதுவாக உருவிவிடுவார். சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும். "எல்லாரும் கேளுங்கோ. என்ன சொல்றார்?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒயர் உருவப்படுகிற சிறிய 'டப்' சத்தத்துக்கு நாங்கள் பயந்த மாதிரி வேறெதற்கும் பயந்ததில்லை.

டாக்டர்கள் வேலை குறைந்து, ஆராய்ச்சியாளர்களின் நேர்காணல்கள் வரத் தொடங்கியபோது சாருக்கு ஒரு புதிய சிக்கல் வந்தது. டாக்டர்கள் தனியாகப் பேசுவார்கள். நேர்காணலில் மனிதர்கள் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். ஒருவர் '(சத்தம்)' என்று அடிப்பார், இன்னொருவர் '(ஏதோ செய்கிறார்)' என்று அடிப்பார். சார் ஓர் அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினார். நாக்கைத் தட்டினால் '(சலிப்பு)'. மூச்சை மெதுவாக வெளியே விட்டால் '(பெருமூச்சு)'. மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தால் '(அதிர்ச்சி)'. அட்டவணையில் உள்ள சொல்தான் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும், சொந்தச் சரக்கு கூடாது.

அட்டவணை ஒட்டிய சில நாட்களிலேயே ஒரு கூத்து நடந்தது. ஜெபராஜ் எங்களோடு வேலை பார்த்தவன். தாராவிக்காரன், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். சார் அவன் மேஜையைத் தாண்டிப் போகும்போது கேட்டார்:

"ஜெபராஜ், ஃபைல் முடிஞ்சுதா?"

"ம்ச்."

சார் நின்றார். "என்னப்பா அது?"

"எது சார்?"

"என்னைப் பார்த்து இச்சுக் கொட்டினியே."

"ஐயோ, இச்சுக் கொட்டல சார். இல்லன்னேன்."

"இல்லைன்னு எங்க சொன்னே? என் காதிலே விழலையே."

"ம்ச்சுன்னேம்லா சார். அதாம் இல்ல."

ஹாலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம். பின்வரிசையிலிருந்து யாரோ, "அரே, சார்ட்ல அது சலிப்பு ஆச்சே!" என்று குரல் கொடுத்தார்கள்.

ஜெபராஜ் விடவில்லை. "எங்க வீட்ல 'சாப்ட்டியால'ன்னு அம்ம கேப்பாவ சார். நான் 'ம்ச்'சும்பேன். உடனே சோறு வச்சிருவாவ. ஒருநாளும் சலிச்சுக்கிடுதாம்னு நெனச்சதில்ல."

சார் கொஞ்சம் யோசித்தார். "ஆத்திலே எப்படி வேணும்னாலும் சொல்லிக்கோ. இங்கே வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லு. சத்தம் சத்தம்தான், வார்த்தை வார்த்தைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்களுக்குள் 'ம்ச்' ஒரு விளையாட்டுச் சொல்லாகிவிட்டது. அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காயத்ரி எங்களிடம் வந்தது ஊரடங்குக்குப் பிறகு. மாட்டுங்காவில் வளர்ந்த பெண், முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. மும்பையிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். ஆராய்ச்சி சுவீடன் நாட்டைப் பற்றி: அங்கே பொதுச் சுகாதாரம் எப்படி வளர்ந்தது, அரசாங்கம் குடும்பங்களுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது. ஒரு வருடம் அங்கே போய்த் தங்கத் தயாராக இருந்தாள். விமானங்கள் நின்றன. வயதானவர்களை யாரும் நேரில் பார்க்கக் கூடாது என்றார்கள். கடைசியில் மாட்டுங்கா வீட்டில், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் வழியாகவே ஓய்வுபெற்ற சுவீடிஷ் நர்ஸ்களிடம் பேசிப் பதிவு செய்தாள். படம் அடிக்கடி உறைந்துபோனதால் பலரிடம் குரல் மட்டும்தான். சுவீடன் மண்ணை அவள் மிதித்ததே இல்லை.

"ஆன்ட்டி, ஐஸையே நான் தாதர் மீன் மார்க்கெட்லதான் பார்த்திருக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சுவீடன் என்றால் எனக்கு என்ன தெரியும்? குளிர், சுத்தம், எல்லோருக்கும் இலவச வைத்தியம், வரிசையில் நிற்பவரை யாரும் இடிக்காத நாடு. காயத்ரியின் பதிவுகளைக் கேட்கத் தொடங்கிய முதல் வாரமே அது உடைந்தது. அங்கே ஒரு சட்டம் இருந்திருக்கிறது. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள், குடும்பம் நடத்தத் தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, இனிப் பிள்ளை பிறக்காதபடி ஆபரேஷன் செய்துவிடுவார்கள். நல்ல சமுதாயத்தைக் கட்டுகிறோம் என்ற எண்ணத்தில், சுத்தமான ஆஸ்பத்திரிகளில், நல்ல டாக்டர்களே செய்தார்கள். எந்தக் காலத்தில் என்று நினைக்கிறீர்கள்? நான் இங்கே பாலர் வகுப்பில் சிலேட்டு தூக்கிக்கொண்டு போன காலம் வரைக்கும்.

அதைக் கேட்டபோது நான் டப்பாவைத் திறந்து மோர்சாதத்தில் கை வைத்திருந்தேன். அப்படியே மூடிவிட்டேன்.

காகிதத்தில் பார்த்தால் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அநேகமாக எல்லா விண்ணப்பங்களிலும் அந்தந்தப் பெண்ணின் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதுதான் காயத்ரியின் கேள்வி. காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு, கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று நிபந்தனை இருந்தது. இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அந்த நிபந்தனையைப் பெண்களின் காதில் போட்டது யார்? மேலேயிருந்த டாக்டர்களா, தினமும் அவர்களுக்குத் தலைவாரிவிட்ட நர்ஸ்களா? நர்ஸ்களுக்கு அது தெரியுமா?

இதற்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடியவராகக் காயத்ரிக்குக் கிடைத்தவர் கெர்ஸ்டின். வடக்கு சுவீடனில் பிறந்தவர். இருபது வயதில் அப்படி ஒரு காப்பகத்தில் நர்ஸாக இருந்தவர். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் வேலை பார்த்ததால் நல்ல ஆங்கிலம் பேசினார். அந்த நேர்காணலில் ஓரிடம் வரும். காயத்ரி கேட்கிறாள்: "கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று அந்தப் பெண்களிடம் நீங்கள் சொன்னதுண்டா?" அதற்குப் பிறகு நாங்கள் அடித்து அனுப்பிய பிரதியில் இப்படி இருக்கும்:

கெர்ஸ்டின்: (அதிர்ச்சி)

காயத்ரி: ஸாரி, ஐயாம் ஸோ ஸாரி. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அந்த ஓர் அடைப்புக்குறியை வைத்துக் காயத்ரி ஓர் அத்தியாயம் எழுதிவிட்டாள். கேள்வியைக் கேட்டதுமே அதிர்ந்துபோய்ப் பேச்சு வராமல் நின்ற ஒரு நர்ஸ். அப்படியானால் நர்ஸ்களுக்கு நிபந்தனை தெரியாது, அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். வழிகாட்டிப் பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் மிகவும் மெச்சினாராம். ஆய்வேடு பைண்டிங்குக்குப் போக வேண்டிய நேரத்தில், சுவீடிஷ் ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரே ஆள் முழுக்கக் கேட்டுச் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டு அனுப்பினாள். அந்த வேலை எனக்கு வந்தது.

இங்கே எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். நீண்ட பதிவு வந்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். சீக்கிரம் முடியும். அவரவர் சந்தேகக்குறி போட்ட இடங்களை மட்டும் நான் கேட்டுச் சரிசெய்வேன். ஆகையால் கெர்ஸ்டினின் குரலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எங்கள் ஹாலில் ஒருவரும் கேட்டதில்லை. ஆளாளுக்கு ஒரு துண்டு அம்மாள்தான் கிடைத்திருந்தார்.

நான் முழுசாகக் கேட்க உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பேச்சு தொடங்கும்போது காயத்ரி மரியாதைக்கு ஏதேதோ விசாரிக்கிறாள். "அங்கே இப்போது பனி பெய்கிறதா?" என்கிறாள். அந்த அம்மாள் மூச்சை உள்ளே இழுக்கிறார். ஆவி பறக்கிற டம்ளரில் கை பட்டுவிட்டால் நம் வாயிலிருந்து வருமே, 'ஷ்ஷுப்' என்று, அந்தச் சத்தம். பிரதியில் '(அதிர்ச்சி)'. கொஞ்ச நேரம் கழித்து, "காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்களா?" 'ஷ்ஷுப்'. '(அதிர்ச்சி)'. "உங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கத்திலா?" மறுபடியும் அதே, ஆற்றின் சத்தம் ஜன்னலில் கேட்கும் என்றும் சொல்கிறார். துண்டுகளை அடித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒவ்வொருவரும் அட்டவணைப்படி சரியாகத்தான் அடித்திருந்தார்கள்.

ஜெபராஜைக் கூப்பிட்டு ஒரு காதைக் கொடுத்தேன். காபிக் கேள்வியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"இந்த அம்மா காப்பிக்கு எதுக்கு அக்கா இப்படி நடுங்குது? உள்ள பல்லி கெடந்துச்சோ?"

"சிரிக்காதே. அடுத்ததைக் கேளு. ஆறு."

கேட்டான். சிரிப்பு நின்றது. "ஆத்துக்கும் அதே சத்தந்தான்."

"ஜெபராஜ், இது உன்னோட ம்ச்."

"நம்ம ம்ச்சு 'இல்ல'லா அக்கா?"

"உன்னோடது 'இல்லை'. இது 'ஆமாம்'."

சொல்லிவிட்டேனே தவிர, அதன் பொருள் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பனி பெய்கிறது, ஆமாம். காபி குடிக்கிறேன், ஆமாம். அப்படியே பதிவில் மேலே மேலே நகர்ந்து அந்தக் கேள்விக்கு வந்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று அந்தப் பெண்களிடம் நீங்கள் சொன்னதுண்டா? 'ஷ்ஷுப்'. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். ஹாலில் மின்விசிறி நின்றுபோயிருந்த மதிய நேரம் அது.

ராமநாதன் சாரிடம் போனேன். அனுப்பிய பிரதியில் வாடிக்கையாளர் கேட்காத இடத்தைத் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

"உனக்கு சுவீடிஷ் தெரியுமா, விஜயா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேர் சேர்ந்துண்டு, டெலிவரி ஆன பிரதியை மாத்தறதா?"

"மாத்த வேண்டாம் சார். கேளுங்க, போதும்."

அவர் கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பனி, காபி, ஆறு, பிறகு அந்தக் கேள்வி. மறுபடி முதலிலிருந்து. என்ன செய்வாரோ என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் தன்னுடைய ஹெட்போன் ஒயரைத் தானே உருவினார். 'டப்' என்றது. அந்த அம்மாளின் மூச்சு ஹால் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் கேளுங்கோ. என்ன சொல்றார்?"

ஜெபராஜ்தான், "ஆமான்னு சொல்லுதாவ சார்" என்றான்.

சார் எழுந்து நின்றுகொண்டுதான் காயத்ரிக்குப் போன் செய்தார். "காயத்ரி மேடம், நாங்க உணர்ச்சின்னு அடிச்சு அனுப்பினது ஒரு வார்த்தையா இருக்கலாமோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க ஒருதரம் வந்து கேக்கணும்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையே காயத்ரி வந்துவிட்டாள். கேட்டாள். கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே பேசினாள், அதனால் குரல் உரக்க வந்தது.

"ஆன்ட்டி, அன்னைக்கு எனக்கே ஷாக்காதான் கேட்டது. அப்புறம் உங்க பிரதியிலயும் ஷாக்னு இருந்தது. சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன். ஆரம்பத்துல பனி, காபின்னு பேசினதையெல்லாம் நான் திரும்பப் பார்க்கவே இல்ல. அந்த சாப்டர் முழுக்க அந்த ஒரு மூச்சு மேலதான் நிக்கறது!"

"இன்னும் நிச்சயமில்லை அம்மா. எங்களுக்கு அந்த பாஷை தெரியாது."

"நிச்சயம் பண்ணிக்காம எப்படி பைண்டிங்குக்குக் குடுக்கறது? நிச்சயம் பண்ணினா எப்படிக் குடுக்கறது?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "அவாகிட்டயே கேக்கணும். நீங்க கூட இருங்கோ. என் காதை இனிமே நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

அவர்கள் ஊரில் காலையாகும் வரை காத்திருந்தோம். எங்களுக்கு மதியத்துக்கு மேலே. அழைப்பு எடுக்கப்பட்டதும் காயத்ரி முதலில் அனுமதி கேட்டாள்: பதிவு செய்யலாமா, பேச்சைத் தட்டச்சு செய்கிறவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கலாமா என்று. 'ஷ்ஷுப்' என்றது ஸ்பீக்கர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேச்சு ஆங்கிலத்தில், தமிழில் தருகிறேன்.

"சிஸ்டர், போன தடவை நான் ஒரு கேள்வி கேட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்று அந்தப் பெண்களிடம் நீங்கள் சொன்னீர்களா என்று. என்ன பதில் சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?"

"ஆமாம் என்று சொன்னேன். ஏன், கேட்கவில்லையா?"

"எனக்கு மூச்சுச் சத்தம்தான் கேட்டது."

அந்த அம்மாள் சிரித்தார். "அதுதான் ஆமாம்! எங்கள் வடக்கில் அப்படித்தான். என் அப்பாவின் வாயில் வேறு ஆமாம் நான் கேட்டதே இல்லை." சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படியென்றால் நான் சொன்னது உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"நீங்கள் ஸாரி என்றீர்களே. ரொம்ப ஸாரி என்றீர்கள்."

"உங்களை நோகடித்துவிட்டேன் என்று நினைத்துச் சொன்னேன்."

தொடர்பு போய்விட்டதோ என்று ஜெபராஜ் திரையை எட்டிப் பார்த்தான்.

"நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன்" என்றார் கெர்ஸ்டின். "இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன், கேட்ட பெண் கோபப்படவில்லை, எனக்காக வருத்தப்படுகிறாள், அதைப் பற்றி மேலே கேட்டு என்னைக் கஷ்டப்படுத்தவும் இல்லை என்று. இந்தியர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று என் தங்கையிடம்கூடச் சொன்னேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்."

காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவள் அடுத்துச் சொன்னதற்காக அவள்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. அந்த அத்தியாயம் விழுந்தால் அவளுடைய பட்டமே தள்ளிப்போகும். அந்தப் பதிலைக் கறந்து வாங்கிக்கொண்டால்தான் புதிய அத்தியாயம் எழுதலாம். அப்படியிருந்தும் சொன்னாள்: "சிஸ்டர், இப்போது நான் கேட்டது உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். வேண்டாமென்றால் அந்தக் கேள்வியையும் பதிலையும் எடுத்துவிடுகிறேன். உங்கள் சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்."

"வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லையா?"

"இருக்கிறது."

"ஆனாலும் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"நாங்கள் இப்படிக் கேட்கவே இல்லை" என்றார் அந்த அம்மாள், தனக்குள் பேசிக்கொள்வது போல. பிறகு, "எடுக்க வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தார்.

தலைமை டாக்டர் பெண்களிடம் பேசவே மாட்டாராம். விண்ணப்பத்தை நர்ஸ்கள் கையில் கொடுத்து அனுப்புவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு நர்ஸ் படித்துக் காட்ட வேண்டும். "நான் அன்பாகத்தான் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். அதுதான் இப்போது பயங்கரமாக இருக்கிறது. அதட்டியிருந்தால் அவர்களில் யாராவது முடியாது என்று சொல்லியிருப்பார்கள்" என்றார். அதில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஊர்ப்பக்கத்துப் பெண், அவர் வயதுதான். வேறு ஒரு குற்றமும் இல்லை, எழுத்து வரவில்லை, வேலைக்கு நின்ற வீடுகளில் சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'இதில் என் பெயரை எழுதினால் நிஜமாகவே வீட்டுக்குப் போகலாமா?' என்று கேட்டாள். நான் அவளுக்குப் பதில் சொன்னேன்."

சொல்லிவிட்டு அந்தப் பதிலை அப்படியே எங்களுக்கும் சொல்லிக் காட்டினார்.

'ஷ்ஷுப்.'

"அவள் எங்கள் ஊர்க்காரி. அவளுக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டாள்."

ஆய்வேடு அந்த வருடம் பைண்டிங்குக்குப் போகவில்லை. காயத்ரி கூடுதல் கால அவகாசம் கேட்டு வாங்கி, அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினாள். பட்டம் அடுத்த வருடம் வந்தது. ராமநாதன் சார் அட்டவணையைச் சுவரிலிருந்து கிழிக்கவில்லை. 'அதிர்ச்சி' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, 'மூச்சை உள்ளே இழுக்கிறார். காரணம் ஊகிக்காதே' என்று எழுதினார். ஜெபராஜின் 'ம்ச்'சுக்கு நேரே இருந்த 'சலிப்பு'க்கும் அதே கதிதான்.

அந்த இரண்டாவது பதிவைத் துண்டு போடாமல் முழுக்க நானே தட்டச்சு செய்தேன். சார் சரிபார்த்தார். பேனா பிடித்த பெண்ணின் இடம் வந்ததும் நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். அந்த இடத்தில் ஒரே சத்தம் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. முதலாவது கெர்ஸ்டின் காட்டிய பதில். அதை 'ஆமாம்' என்று அடித்திருந்தேன், அடைப்புக்குறி இல்லாமல். அவர் பேசி முடித்ததும் வருவது எங்களுடையது. காயத்ரி, ஜெபராஜ், சார், நான், எல்லோருமே அந்தக் கணத்தில் மூச்சை உள்ளே இழுத்திருந்தோம். அதற்கு '(அறையில் இருப்பவர்கள் அதிர்ச்சியில் மூச்சை இழுக்கிறார்கள்)' என்று அடித்திருந்தேன்.

"ரெண்டும் ஒரே மாதிரின்னா இருக்கு, விஜயா" என்றார் சார். "காரணம் ஊகிக்கக் கூடாதுன்னு இப்பத்தானே எழுதி ஒட்டினேன்?"

"ஊகிக்கல சார். அங்க இருந்தோமே."

அவர் அந்த அடைப்புக்குறியை அப்படியே விட்டுவிட்டார். இழுப்பறையைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

பிரியா, உன் மெஷின் அந்த இரண்டு சத்தத்தையும் தூக்கிவிடும். அந்தப் பெண் கேட்டது மட்டும் தாளில் இருக்கும்: நிஜமாகவே வீட்டுக்குப் போகலாமா? அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது.